அது களவுப் பெட்டியல்ல

கொழும்பில் கணினி வாங்குகிறவரை இன்றும் விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு: “பிராண்டட்டா, அசெம்பிள்டா?” கடைக்காரர் கேட்டால் அது விலை பற்றிய கேள்வி. வீட்டுக்கு வந்த உறவினர் கேட்டால் அது தராதரம் பற்றிய விசாரணை. பிராண்டட் என்றால் ஒரு தலையாட்டல். அசெம்பிள்ட் என்றால் “ஓ, அப்படியோ” என்று ஓர் இழுவை. அந்த இழுவைக்குப் பின்னால் ஒரு முழு வரலாற்றுப் பார்வையே இருக்கிறது. படித்தவர்களும் நம்பும் அந்தப் பார்வை அடியிலிருந்து நுனிவரை பிழையானது.

அதன் சார்பாளர்கள் சொல்வதுபோலவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாள் கணினியை 1981இல் ஐ.பி.எம். உருவாக்கியது. அந்த நிறுவனத்தின் பெருந்தன்மையைப் பயன்படுத்தி மற்றவர்கள் அதைப் பிரதியெடுத்து மலிவாக விற்றார்கள். தாய்வானிலும் சிங்கப்பூரிலுமிருந்து வந்த அந்தப் பிரதிகளின் உதிரிகளைத்தான் நம்மவர்கள் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் பூட்டி விற்றார்கள். ஆகவே நம் வீடுகளுக்கு வந்தது களவும் மட்டமும் கலந்த சரக்கு. இலங்கையில் கணினி வேரூன்றியது அரசாங்கக் கொள்கையாலும் பல்கலைக்கழகங்களாலும் சில பெரிய மனிதர்களாலும்தான். ஒழுங்கை முனையில் ஸ்க்ரூ டிரைவரோடு இருந்த பெடியனுக்கு அந்த வரலாற்றில் இடமில்லை.

இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் ஐ.பி.எம். 1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி அது நியூயோர்க்கில் அறிமுகப்படுத்திய பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே யார் யார் இருந்தார்கள்? 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடிய 8088 சில்லு இன்டெலுடையது. பிளொப்பி டிரைவ் டண்டன் கம்பனியுடையது. அதை நிறுவியவர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன சிர்ஜாங் லால் டண்டன். கூடவே விற்ற பிரின்டர் ஜப்பானின் எப்சன் செய்தது, மேலே ஐ.பி.எம். என்று பெயர் மட்டும் ஒட்டியிருந்தார்கள். இயங்குதளமும் பேசிக் மொழியும் மைக்ரோசொப்ட் தந்தவை. அந்த இயங்குதளத்தைக்கூட மைக்ரோசொப்ட் அடியிலிருந்து எழுதவில்லை. சியாட்டில் கொம்பியூட்டர் புரொடக்ட்ஸ் என்ற சிறு கம்பனியில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டொஸ் என்ற மென்பொருளை விலைக்கு வாங்கித் திருத்திக் கொடுத்தது. பேட்டர்சனோ, கேரி கில்டோலின் சிபி/எம் இயங்குதளம் நடந்த வழியை ஒட்டியே தன்னுடையதை அமைத்திருந்தார்.

புளோரிடா மாநிலத்தின் போக்கா ரட்டோனில் டொன் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் வேலைசெய்த குழுவுக்கு ஏறத்தாழ ஒரு வருடம்தான் அவகாசம் இருந்தது. எல்லாவற்றையும் தானே செய்வது ஐ.பி.எம்.மின் வழமை. அந்த வழமைப்படி போனால் சந்தை கைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்துதான் கடையில் கிடைக்கும் பாகங்களை வாங்கிப் பூட்டினார்கள். ஆப்பிள் II, டி.ஆர்.எஸ்.-80, கொமடோர் பெட் ஆகிய மூன்றும் 1977இலேயே சந்தைக்கு வந்துவிட்டன. ஆகவே ஐ.பி.எம். தனியாள் கணினியைக் கண்டுபிடிக்கவும் இல்லை, தன் கணினியின் பாகங்களில் பெரும்பாலானவற்றைச் செய்யவும் இல்லை. தெரிந்தெடுத்தது, பூட்டியது, பெயர் போட்டது. அதே காரியத்தைப் பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசாவில் ஒருவர் செய்தால் அது அசெம்பிள்ட். போக்கா ரட்டோனில் செய்தால் பிராண்டட்.

ஐ.பி.எம்.முக்கு உண்மையிலேயே சொந்தமாக இருந்த முக்கியமான பொருள் ஒன்று உண்டு. பயொஸ். மின்சாரம் போட்டதும் முதலில் விழித்து, விசைப்பலகையையும் திரையையும் டிரைவையும் இயங்குதளத்தோடு சேர்த்து வைக்கும் சிறு நிரல். முதலாவது ஐ.பி.எம். பெட்டியில் அது எட்டே எட்டு கிலோபைட். ஒரு சில்லுக்குள் பதிக்கப்பட்டிருந்தது. இந்த எட்டு கிலோபைட்டைச் சுற்றித்தான் ‘பெருந்தன்மை’, ‘களவு’ என்ற இரண்டு கதைகளும் நடக்கின்றன.

பெருந்தன்மைக் கதை சொல்வது இது: ஐ.பி.எம். தன் தொழில்நுட்பக் கைநூலில் பயொஸ் நிரல் முழுவதையும் வரி வரியாக அச்சிட்டு வெளியிட்டது. யாரும் பார்த்துச் செய்யலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. அச்சிட்டது உண்மை. திறந்து வைத்தது என்பது பொய். அந்தக் கைநூல், பெட்டிக்குள் செருகும் அட்டைகளையும் மென்பொருள்களையும் செய்கிறவர்களுக்காக வந்தது. அப்படிப் பலர் செய்தால் ஐ.பி.எம். பெட்டிக்குத்தான் மவுசு கூடும். நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தது. இன்னும் ஒரு சங்கதி: அந்த நிரலை ஒரு தடவை வாசித்தவர் பிறகு தானாக ஒரு பயொஸ் எழுதினாலும், “எங்களுடையதைப் பார்த்துத்தானே எழுதினாய்” என்று ஐ.பி.எம். வழக்குப் போடலாம். அச்சிட்ட பக்கமே வேலியாகவும் நின்றது.

களவுக் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் களவெடுத்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பிடிபட்டார்கள். பிராங்க்ளின் என்ற அமெரிக்கக் கம்பனி ஆப்பிள் II கணினியின் நிரல்களை அப்படியே பிரதிசெய்து ஏஸ் என்ற பெட்டியை விற்றது. ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயர்கூட அழிக்கப்படாமல் பிராங்க்ளின் பிரதிக்குள் கிடந்தது. 1983 ஓகஸ்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பிளின் பக்கம் நின்றது. 1984இல் கொரோனா, ஈகிள் என்ற இரண்டு கம்பனிகள்மீது ஐ.பி.எம். வழக்குப் போட்டது. தங்கள் பயொஸை மாற்றி எழுத இரண்டு கம்பனிகளும் உடன்பட்டுச் சமரசத்துக்கு வந்தன. களவுக்கும், ஒன்றுக்கு எழுதியது மற்றதிலும் ஓடும் பொருத்தத்துக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது இன்றைக்குக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குத்தான்.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று காரியத்தைச் செய்து காட்டியது கொம்பாக். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்சிலிருந்து விலகிய ரொட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மேர்ட்டோ ஆகிய மூவர் 1982 பெப்ரவரியில் ஹூஸ்டனில் தொடங்கிய கம்பனி அது. அவர்கள் எடுத்த வழி இது: ஒரு குழு ஐ.பி.எம். நிரலை ஆராய்ந்து, அது என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுக்கும். எப்படிச் செய்கிறது என்பதை எழுதக் கூடாது. ஐ.பி.எம். நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு, அந்த விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுதும் புதிதாக ஒரு நிரலை எழுதும். ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் குழம்பின் ருசியை விவரிக்க, அந்த வீட்டு அடுப்படிக்குள் காலே வைக்காத இன்னொருவர் அதே ருசியில் தன் கைப்பக்குவத்தில் ஒரு குழம்பு வைப்பதைப் போன்றது இது. ருசிக்கு யாரும் உறுதி எழுதி வைத்துக்கொள்ள முடியாது. பதிப்புரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: எழுதிய வடிவத்துக்குக் காப்பு உண்டு, அது செய்யும் வேலைக்குக் காப்பு இல்லை.

இதைச் செய்ய கொம்பாக் பதினைந்து நிரலாளர்களையும் பல மாதங்களையும் ஏறத்தாழ பத்து லட்சம் டொலரையும் செலவிட்டதாகச் சொல்லப்படுகிறது. பிரதியெடுக்கிறவன் இவ்வளவு செலவு செய்ய மாட்டான். பீனிக்ஸ் என்ற மென்பொருள் கம்பனி இன்னும் ஒருபடி மேலே போனது. பயொஸ் எழுத அது தெரிந்தெடுத்த நிரலாளர் இன்டெல் சில்லுகளோடு பழகாதவர். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்சின் வேறு வகைச் சில்லில் வேலைசெய்தவர். “பார்த்து எழுதினார்” என்று சொல்ல எவருக்கும் இடம் வைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தத் தெரிவு. 1984இல் அந்தப் பயொஸ் விற்பனைக்கு வந்தது. பணம் கட்டிய எவரும் அதை வாங்கித் தங்கள் பலகையில் பதிக்கலாம். தாய்வானின் சிறு கம்பனிகளுக்குக் கதவு திறந்தது அந்த வருடம்தான். திறந்தது ஐ.பி.எம். அல்ல.

இந்த உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பழகின என்று பார்த்தால் விளங்கும். சிபி/எம் இயங்குதளத்தைப் பாவித்த கணினிகளிலேயே ஒரு கம்பனியின் பிளொப்பியை மற்றக் கம்பனியின் பெட்டி வாசிக்காது என்பது சர்வசாதாரணம். டி.இ.சி. நிறுவனத்தின் ரெயின்போ, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்சின் புரொபெஷனல் ஆகியவற்றில் மைக்ரோசொப்டின் டொஸ் ஓடியது, ஆனால் ஐ.பி.எம். பெட்டிக்கென்று எழுதிய மென்பொருள் ஓடாது. பொறியியலில் குறைந்தவை என்று அவற்றை எவரும் சொல்லவில்லை. ஆனாலும் அழிந்தன. லோட்டஸ் 1-2-3 கணக்குத்தாளும் பிளைட் சிமுலேட்டர் விளையாட்டும் ஓடினால்தான் அது முழுப் பொருத்தமான கணினி என்று வாங்குகிறவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கொம்பாக்கின் பதின்மூன்று கிலோப் பெட்டி அந்தச் சோதனையில் தேறியது. 1983இல், விற்பனைக்கு வந்த முதல் வருடத்திலேயே, 11 கோடியே 10 லட்சம் டொலருக்கு விற்றது.

ஐ.பி.எம்.மின் ‘பெருந்தன்மை’ எப்படிப்பட்டது என்பதை 1987 ஏப்ரலில் ஐ.பி.எம்.மே காட்டியது. பி.எஸ்./2 என்ற புதிய வரிசையில் மைக்ரோ சனல் என்ற புதிய செருகுவழியைக் கொண்டுவந்தது. பழைய அட்டைகள் அதில் பொருந்தா. புதியதைப் பாவிக்க விரும்பும் கம்பனிகள் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும். திறந்திருந்ததாகச் சொல்லப்படும் கதவைச் சாத்துவதற்கான பூட்டு அது. 1988 செப்டெம்பரில் கொம்பாக், எச்.பி., எப்சன், ஒலிவெட்டி உட்பட ஒன்பது கம்பனிகள் சேர்ந்து, பழைய அட்டைகளும் பொருந்தும் வேறொரு தரத்தை அறிவித்தன. மைக்ரோ சனல் வெல்லவில்லை. இன்டெல்லின் 386 சில்லோடு முதலில் பெரிய அளவில் சந்தைக்கு வந்ததும் ஐ.பி.எம். இல்லை, 1986 செப்டெம்பரில் கொம்பாக் அதை முந்திவிட்டது. பிரதியெடுக்கிறவன் மூலத்தை முந்துவது எப்படி என்று களவுக் கதைக்காரர்கள்தான் விளக்க வேண்டும். 2005இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினி வியாபாரத்தையே சீனாவின் லெனோவோவுக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது.

நம் உறவினர் தலையாட்டி மெச்சும் பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். கொம்பாக் பொருத்தக் கணினி செய்யவே தொடங்கிய கம்பனி. டெல், ஒஸ்டினில் பல்கலைக்கழக மாணவனாக இருந்த மைக்கல் டெல் 1984இல் தன் விடுதி அறையிலிருந்து கணினிகளை மேம்படுத்தி விற்றதில் பிறந்தது. ஏசர், ஸ்டான் ஷியும் நண்பர்களும் 1976இல் மல்டிடெக் என்ற பெயரில் தொடங்கிய தாய்வான் கம்பனி. கடல் தாண்டி மதராசில் சிவசங்கரனின் ஸ்டேர்லிங் கொம்பியூட்டர்ஸ் ‘சிவா பி.சி.’யை மலிவு விலையில் விற்று இந்தியச் சந்தையைக் கலக்கியதும் இதே 1980களில்தான். இன்றைக்கு பிராண்ட் என்று நாம் கும்பிடும் பெயர்களில் பெரும்பாலானவை நேற்றைய பொருத்தக் கணினிகள். அசெம்பிள்ட் என்று நாம் ஒதுக்குவது அதே பரம்பரையின் இளைய பிள்ளை.

அடுத்தது, மட்டமான சரக்கு என்ற குற்றச்சாட்டு. இதில் உண்மை உண்டு; அதை மறைத்தால் இந்த மறுப்புக்கு மதிப்பில்லை. வேகம் குறைந்த சில்லின் மேலெழுத்தைச் சுரண்டிவிட்டு வேகம் கூடியதாக அச்சிட்டு விற்ற மோசடி 1990களில் உலகம் முழுக்க நடந்தது. 486 பலகைகள் சிலவற்றில் கேஷ் நினைவகம் என்ற பெயரில் உள்ளே எதுவும் இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக் சில்லுகளை ஒட்டியிருந்தார்கள். 2000ஐ ஒட்டிய வருடங்களில் வந்த பலகைகளில் மின்தேக்கிகள் வீங்கி வெடித்தன. ஆனால் இந்தக் கடைசி வியாதி பெயர்பெற்ற கம்பனிகளின் கணினிகளையும் பிடித்தது. பிராண்ட் எந்தத் தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை.

தரம் என்பதை நம் ஊரில் வைத்துத்தான் அளக்க வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். 1996இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி விழுந்து நாடே மணிக்கணக்காக இருளில் கிடந்தது. மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் பவர் சப்ளைக்குக் கண்டம். அந்தக் காலத்துப் பெயர்பெற்ற பெட்டிகள் சிலவற்றை நட்சத்திர வாய்த் திருகாணி போட்டு மூடியிருந்தார்கள். கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகாது. டெல் கணினிகளில் 1990களின் பிற்பகுதியில் வந்த பவர் சப்ளையின் செருகி வெளித்தோற்றத்தில் எல்லாரும் பாவிப்பதைப் போலவே இருக்கும். உள்ளே கம்பி ஒழுங்கு வேறு. பொதுவான பவர் சப்ளையை நம்பிக் கொழுவினால் பலகை கருகும். ஒரு பாகம் போனால் முகவரிடம் போய், வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அசெம்பிள்ட் பெட்டிக்கோ, 100 இலக்க பஸ்ஸில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கினால் சாமான் கையில். பின்னேரத்துக்குள் பெட்டி ஓடும். எது தரமானது? கெடாத பொருள் எங்கும் இல்லை. கெட்டால் திருத்தக்கூடிய பொருளே ஏழை நாட்டில் தரமான பொருள்.

இனி மென்பொருள் களவு. உரிமம் இல்லாத டொஸ்ஸும் விண்டோஸும் வேர்ட்பெர்பெக்டும் பிளொப்பி பிளொப்பியாகக் கைமாறின; பிறகு சி.டி.யில் வந்தன. கணினி நிரல்களைத் தெளிவாகக் காக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குப் பிறகும் அது நின்றுவிடவில்லை. அது களவுதான். நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் களவைப் பெட்டியின் தலையில் கட்டுவது அநியாயம். உரிமம் இல்லாத விண்டோஸ் பெயர்பெற்ற பெட்டியிலும் ஏறியது. பெட்டியைப் பொருத்தமாகச் செய்தது ஒரு காரியம். அதற்குள் போட்ட மென்பொருளைக் காசு கட்டாமல் பிரதிசெய்தது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது கம்பனிகளின் விளம்பரத்துக்கு வசதி. வரலாறு எழுதுகிறவருக்கு அது வெட்கம்.

இப்போது ‘அரசு கொண்டுவந்தது’ என்ற வாதம். பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் பணியை நான் குறைக்க வரவில்லை. 1983இல் தேசியக் கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. 1984இல் சின்டெக் என்ற சபை பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தது. 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. மூன்றிலும் அவர் கை இருந்தது. பிராந்தியத்தில் பல நாடுகளுக்கு முன்னோடியான காரியங்கள் இவை. கொழும்பு 7இல் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1982இல் வெளிவந்த தன் ‘2010’ நாவலை ஆர்க்கைவ்ஸ் III என்ற கணினியில் எழுதி, ஒரே ஒரு பிளொப்பியில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். இவையெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன; எழுதப்பட வேண்டியவைதான்.

ஆனால் கொள்கை சபையோடு நின்றுவிடும். அது வீட்டு மேசையில் வந்து உட்காராது. கிளார்க்கின் ஆர்க்கைவ்ஸ் மாதிரியான பெட்டியை வெள்ளவத்தையில் எந்த எழுதுவினைஞர் வாங்கியிருக்க முடியும்? அரசின் பாதை யாருக்குத் திறந்திருந்தது என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அரச உத்தியோகத்தின் வாசலில் நின்றது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலில் நின்றது. ஐ.பி.எம். தன் பெட்டியை அறிமுகம் செய்த அதே 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. கொம்பாக்கின் பெட்டி கடைகளுக்கு வந்த 1983இன் ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1990 முதல் வருடக்கணக்காக யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இருக்கவில்லை.

அங்கிருந்து வெளியேறப் பாஸ் எடுத்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும் அனெக்ஸ்களிலும் தங்கிய பெடியன்களுக்கும் பெட்டைகளுக்கும் அரசாங்கம் கணினியைக் காட்டவில்லை. காலி வீதியின் மாடிப்படிகளில் பலகை தொங்கவிட்ட தனியார் வகுப்புகள் காட்டின. வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த மாதங்களில் டொஸ்ஸும் லோட்டஸும் டிபேஸும் படித்தவர்கள் பலர். பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பரீட்சைக்குக் கட்டியவர்கள் பலர். அந்தப் பரீட்சைக்குச் சிங்களம் தேவையில்லை. மாவட்ட வெட்டுப்புள்ளியும் இல்லை. ஆனால் வீட்டில் பயிற்சி செய்ய ஒரு கணினி தேவை. லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ அண்ணன் அனுப்பும் காசுக்குள் அடங்கிய கணினி அசெம்பிள்ட் பெட்டிதான். முழுக்காசு இல்லாதவர் முதலில் பலகையும் சில்லும் வாங்குவார். மொனிட்டர் பழையதாக வரும். அடுத்த காசு வந்ததும் மெமரி கூடும். ஒரு பெட்டியைத் தவணை தவணையாக வளர்க்கலாம் என்ற வசதியைத் தந்தது பொருத்தமே. பல்கலைக்கழகமும் இதைப் பிறகு உணர்ந்திருக்க வேண்டும்: 2000இல் கொழும்புப் பல்கலைக்கழகம் வெளிவாரியாகத் தொடங்கிய பி.ஐ.டி. பட்டத்துக்கு நாடெங்கும் தனியார் வகுப்புகளே பாடம் நடத்தின.

கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் கதை இன்னும் உரக்கக் கேட்கும். ஜம்பட்டா வீதியிலும் செட்டியார் தெருவிலும் அவற்றைச் சுற்றிய குறுக்குத் தெருக்களிலும் இருந்த அச்சகங்களில் ஈய எழுத்துக் கோத்தவர்களின் இடத்துக்குக் கணினி வந்தது. கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், கவிதைத் தொகுப்பு, செத்தவீட்டுக்கு முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டு எல்லாம் திரையில் தமிழாக விழுந்தன. கல்வெட்டு அச்சடிக்கக் கெடு நகராது. முப்பத்தோராம் நாள் என்றால் முப்பத்தோராம் நாள்தான். கணினி நின்றால் அன்றைக்கே ஓட வைக்க வேண்டும். முகவர் வரும்வரை காத்திருக்கக்கூடிய தொழில் இதுவல்ல. ஈழத்துத் தமிழ்ப் பதிப்பின் ஒரு தலைமுறையைத் தாங்கியது பெயரில்லாத பெட்டி. இதை எந்த ஆண்டுவிழா மலரிலும் நான் வாசித்ததில்லை.

கடைசியாக, இருப்பதில் வலுவான வாதம். “பூட்டத் தெரிந்தோம், செய்யத் தெரியவில்லை, அசெம்பிள்ட் கலாசாரம் நம்மை வாங்குகிறவர்களாகவே வைத்துவிட்டது” என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தாய்வான் எங்கே தொடங்கியது? ஆப்பிள் II பிரதிகளில் தொடங்கியது. அமெரிக்கச் சுங்கம் அவற்றைத் தடுத்தபோது, சட்டத்துக்குட்பட்ட பொருத்தக் கணினிக்கு மாறியது. அங்கே 1973இலேயே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் 1980இல் சின்சூ அறிவியல் பூங்காவும் இருந்தன. சிலிக்கன் பள்ளத்தாக்கின் சிப்ஸ் அன்ட் டெக்னோலஜீஸ் என்ற கம்பனி 1985ஐ ஒட்டி, ஏ.டி. வகைக் கணினிப் பலகையில் ஏறத்தாழ அறுபது சில்லுகள் செய்த வேலையை ஐந்து சில்லுகளுக்குள் அடக்கியபோது, அவற்றை வாங்கிப் பலகை செய்யத் தாய்வானின் சிறு தொழிற்சாலைகள் தயாராக இருந்தன. பூட்டத் தெரிந்தவனைச் செய்கிறவனாக்கியது அந்த ஏற்பாடு. நம் நாட்டில் அதே வருடங்களில் முதலும் தொழிற்சாலையும் தெருவில் எரிந்தன. படித்தவர்கள் கப்பலும் விமானமும் ஏறினார்கள். நாம் செய்கிறவர்களாகாததற்குக் குற்றவாளியைத் தேடுகிறவர்கள் யூனிட்டி பிளாசாவில் தேட வேண்டாம். 1983இல் தேடட்டும்.

பொருத்தம் என்பது இல்லாமலே போயிருந்தால் நம் கணினி உலகம் எப்படி இருந்திருக்கும்? கற்பனை செய்யத் தேவையில்லை. தமிழ் எழுத்துருக்களின் கதையே போதும். பெட்டியில் கிடைத்த பொருத்தம் எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசையமைப்புத் தந்தார். தட்டச்சு வழியை ஒட்டிய பாமினி எழுத்துரு ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவியது. ஆனால் அது தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்தது. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் வந்த எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் உட்கார வைத்தன. ஒரு கடையில் அடித்த கோப்பை இன்னொரு கடையில் திறந்தால் ‘அம்மா’கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். தமிழுக்கு இடம் தந்த யுனிகோட் 1991இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் உறைந்த நூல்களும் இதழ்களும் இன்றும் மாற்றப்படாமல் அச்சகங்களின் பழைய டிஸ்க்குகளில் கிடக்கின்றன.

வன்பொருளில் கொம்பாக்கும் பீனிக்ஸும் உடைத்த சுவரை, எழுத்தில் நம்மவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். அங்கே எவரும் எவருடைய வடிவத்தையும் ‘பிரதியெடுக்கவில்லை’. எல்லாம் சுத்தமான சொந்தச் சரக்கு. பலன் என்ன? நம்முடைய எழுத்தையே நாம் வாசிக்க முடியாமல் போனது. சொந்தப் பெருமை பேசி, பொருத்தத்தைக் களவென்று இகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

ஆக, தீர்ப்பு இதுதான். பொருத்தக் கணினி ஐ.பி.எம்.மிடமிருந்து களவெடுத்ததும் இல்லை, ஐ.பி.எம். தந்த பிச்சையும் இல்லை. சட்டத்தின் கோட்டை மதித்து, புதிதாக எழுதி, ஒரே வாசலில் ஒரே காவலாளி நிற்க முடியாதபடி செய்த உழைப்பு அது. அந்த உழைப்பின் பயன் கொழும்பில் அரசாங்கக் காரியாலயம் வழியாக அல்ல, மாடிப்படிக் கடைகள் வழியாகவே தமிழர் வீடுகளுக்கு வந்தது. இலங்கையின் கணினி வரலாற்றை எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்பில் பூட்டியவர்களையும் திருத்தியவர்களையும் டைப்செட்டிங் செய்தவர்களையும் தேடிப் போய்க் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். காலி வீதியில் நடந்தால் காணலாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். கணினியோ கைப்பேசியோ மென்பொருளோ எழுத்துருவோ, அடுத்த தடவை எதை வாங்கினாலும் “பிராண்டட்டா, அசெம்பிள்டா?” என்று கேட்க வேண்டாம். “உங்கள் கடை நாளைக்குப் பூட்டினால், வேறொரு கடையில் இதைத் திறக்க முடியுமா, திருத்த முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாங்காதீர்கள்.